கழற்றிச் செருகினால் திரும்பி வரும் டிக்

கேள்வி: லெப்டொப்பில் இருந்த வைஃபை பழுதானதால் சின்ன யூ.எஸ்.பி. டொங்கிள் ஒன்று வாங்கிப் பாவிக்கிறேன். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அதன் லைட் அணைந்து இணைப்புப் போய்விடுகிறது. தம்பி சொன்னபடி விண்டோஸின் டிவைஸ் மெனேஜரில் மின்சாரம் சேமிக்கும் டிக்கை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, பிறகு பழைய கதை. போய்ப் பார்த்தால் டிக் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது!
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: டிக் திரும்பி வரவில்லை, நீங்கள் பார்த்தது வேறு டிக். அந்த இரண்டு நாளுக்குள் டொங்கிளைக் கழற்றி மற்றப் பக்கத்து ஓட்டையில் செருகினீர்களா? கட்டாயம் செருகியிருப்பீர்கள், மேசையில் சார்ஜர் வயரும் கோப்பையும் இருக்கும்போது எல்லோரும் செய்வதுதான்.

ஒவ்வொரு யூ.எஸ்.பி. சாமானுக்கும் உள்ளே தனக்கென்று ஒரு சீரியல் இலக்கம் இருந்தால் எந்த ஓட்டையில் செருகினாலும் விண்டோஸ் அதை அடையாளம் கண்டுகொள்ளும். மலிவு டொங்கிள்களில் பலவற்றுக்கு அந்த இலக்கம் கிடையாது. அப்படியானதை விண்டோஸ் எந்த ஓட்டையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நினைவு வைத்திருக்கும், ஓட்டை மாறினால் அதற்கு இது புது ஆள், புது ஆளுக்கு ஆரம்ப அமைப்பு, அந்த அமைப்பில் டிக் போட்டே இருக்கும். நம்பிக்கை இல்லையென்றால் நெட்வேர்க் இணைப்புகளைத் திறந்து பாருங்கள், உங்கள் டொங்கிள் இப்போது 'வைஃபை 2' அல்லது 'வைஃபை 3' என்ற பெயரில் நிற்கும். டிவைஸ் மெனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் பழைய ஓட்டையில் இருந்த அதே டொங்கிள் மங்கலாகத் தெரியும், நீங்கள் எடுத்த டிக் அதில் அப்படியே எடுத்தபடி கிடக்கும்.

அதனால் டொங்கிளோடு மல்லுக்கட்டாமல் மேலே இருக்கும் பொது அமைப்பையும் மாற்றிவிடுங்கள். கொன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதில் நீங்கள் பாவிக்கும் பிளானின் அட்வான்ஸ்ட் அமைப்புகள், அங்கே யூ.எஸ்.பி. செட்டிங்ஸுக்குள் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று ஒன்று இருக்கும், சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. சாமானைத் தூங்க வைப்பது இதுதான், அதை டிஸேபிள் செய்யுங்கள். பெட்டரியில் ஓடும்போது, பிளக்கில் ஓடும்போது என்று இரண்டு வரி இருக்கும், பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். அப்புறம், டொங்கிளுக்கு ஒரே ஓட்டையை ஒதுக்கி அங்கே டிக்கையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை தீரும்.

கேள்வி: செட்டியார் தெருவில் எங்கள் நகைக்கடைத் தராசை யூ.எஸ்.பி. சீரியல் கேபிளால் உபுண்டு லெப்டொப்பில் இணைத்திருக்கிறோம். சும்மா கிடந்துவிட்டு எழும்பும்போது முதல் எடை வருவதே இல்லை. லினக்ஸ் தானாக எதையும் தூங்க வைக்காது என்கிறார்களே?
- வாசகர், கொழும்பு 11

பதில்: சொன்னவர் பாதி சரி. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் தன்பாட்டில், ஒரு ஓட்டையைப் பலவாக்கும் ஹப்புகளைத் தவிர வேறு யூ.எஸ்.பி. சாமான்களுக்குத் தானியங்கித் தூக்கத்தை நிறுத்தியே வைத்திருக்கும். ஆனால் பெட்டரி கூட நேரம் நிற்கட்டும் என்று யாராவது டி.எல்.பி. என்ற மின்சேமிப்பு மென்பொருளை நிறுவியிருப்பார்கள், அது புதிதாகச் செருகும் சாமானுக்கும் தூக்கத்தைப் போட்டுவிடும். மவுசும் கீபோர்டும் அதன் விலக்குப் பட்டியலில் வந்துவிடும், உங்கள் கேபிளுக்கு அந்தச் சலுகை இல்லை. இயல்பாக 2 செக்கன் சும்மா இருந்தாலே போதும், தூக்கம்தான். நல்ல கேபிள் உடனே எழும்பும், சில மலிவுக் கேபிள்கள் முழித்து முழித்து எழும்புவதற்குள் முதல் எடை போய்விடும், தங்கம் நிறுக்கும் இடத்தில் அது சின்ன விஷயமா?

மின்பாவனையைக் காட்டும் பவர்டொப் என்ற மென்பொருளில் தூக்கத்தை நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். கேபிளைக் கழற்றியதும் அந்த மாற்றமும் அதோடு போய்விடும், திரும்பச் செருகும்போது எல்லாம் புதிதாகத் தொடங்கும். டி.எல்.பி.யின் அமைப்புக் கோப்பில் யூ.எஸ்.பி. விலக்குப் பட்டியலில் கேபிளின் அடையாள இலக்கத்தை எழுதிவிடுங்கள். டி.எல்.பி. இல்லையென்றால் செருகும் நேரத்தில் தானாக ஓடி அந்தத் தூக்கத்தை நிறுத்துகிற ஒரு விதியை, லினக்ஸில் 'யூடெவ்' விதி என்பார்கள், எழுத வேண்டும். பிறகு பவர்டொப் அந்தக் கேபிளின் வரியை 'பேட்' (மோசம்) என்று காட்டும், காட்டட்டும்.

கேள்வி: இந்த யூ.எஸ்.பி. தூக்கத்தையெல்லாம் நிறுத்தினால் கரண்ட் பில் ஏறுமா?
- வாசகர், தெஹிவளை

பதில்: பிளக்கில் ஓடும் கொம்பியூட்டரில் கண்ணுக்குத் தெரியாது. யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு சாமான் விழித்திருக்கும்போது அதிகபட்சம் 500 மில்லிஅம்பியர், தூங்கும்போது 2.5 மில்லிஅம்பியர் வரை எடுக்கலாம். பெட்டரியில் நாள் முழுக்க வேலை செய்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிது, அதற்காகத்தான் டிக்கைப் போட்டே அனுப்புகிறார்கள். உங்கள் பில்லுக்குக் காரணம் வேண்டுமென்றால் முதலில் ஏசியைப் பாருங்கள்.