அந்த முகத்த காட்டத்தான் வேணுமா? – கடிதமும் பதிலும்

அண்ணன் வணக்கம். ரெண்டு கிழமைக்கு முந்தி கல்லடிப் பக்கம் ஒரு மோட்டார்சைக்கிள் எக்சிடன்ட். நான் ஃபோன்ல எடுத்த படத்த ஒரு நியூஸ் பேஜ்காரர் கேட்டாங்க, குடுத்துட்டன். முகம் தெரிய அப்பிடியே போட்டுட்டாங்க. இறந்தவர்ர தங்கச்சி அதப் பாத்துத்தான் விஷயமே அறிஞ்சிருக்கா. எனக்கு நித்திர வருதில்ல. செத்த உடம்ப படம் எடுக்கிறதே பிழையா? எல்லார்ர கையிலயும் ஃபோன் இருக்கக்குள்ள பேப்பருக்கெண்டு ஒரு படப்பிடிப்பாளர் என்னத்துக்கு?
– வாசகர், களுவாஞ்சிகுடி

தம்பி,

உங்கட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன். எடுக்கிறதே பிழையெண்டு நான் சொல்லமாட்டன். 2006 ஜனவரி 2 திருகோணமலக் கடற்கரையில அஞ்சு மாணவர் செத்தாங்க, அவங்கட கையில இருந்த குண்டு வெடிச்சுத்தான் செத்ததெண்டு ஆமிக்காரர் ஒரு கத சொன்னாங்க, சுடர் ஒளி பேப்பர் நிருபர் சுகிர்தராஜன் பிரேத அறைக்குள்ள போய் படம் எடுக்காட்டி அந்தக் கததான் இண்டைக்கும் நிண்டிருக்கும். சுடர் ஒளியில படம் வந்தாப் பிறகுதான் அது கிட்ட நிண்டு சுட்ட காயமெண்டு சனத்துக்குத் தெரிஞ்ச. ஜனவரி 24, அவரையும் சுட்டுட்டாங்க. அங்க காயத்த மறைக்க ஏலாது, காயம்தான் செய்தி.

ஆனா கடலூர்ப் படத்தப் பாருங்க. 2004 டிசம்பர் 28, சுனாமி முடிஞ்சு ரெண்டாம் நாள், ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்காக ஆர்க்கோ தத்தா எடுத்தது, அந்த வருஷத்து வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ விருது அதுக்குத்தான் கிடைச்ச. ஒரு பொம்பிள மண்ணில விழுந்து கைய விரிச்சு அழுறா, இறந்தவர்ர கை மட்டும் ஓரத்தில தெரியும், மிச்சம் ஃப்ரேமுக்கு வெளிய. முழு உடம்பையும் காட்டியிருந்தா நான் பக்கத்தப் புரட்டியிருப்பன், இப்ப எத்தின தரம் பாத்தாலும் அந்தக் கையிலயே நிண்டுடுறன்.

அதே கிழமதான் மட்டக்களப்பு நாவலடியில ஒரு அம்மா என்ட கமராவக் கண்டுட்டு கூப்பிட்டா. "எடு மனே, இஞ்சதான் எங்கட வீடு இருந்த" எண்டா. வெறும் மணல், ஒரு கிணத்துக்கட்டு. எடுத்தன். அவட பேரு, வீட்டில எத்தின பேர் எண்டெல்லாம் கேட்டு எழுதாட்டி அந்தப் படத்தில ஒண்டுமேயில்ல, ஆரும் பாத்தா சும்மா கடற்கர எண்டுதான் நினைப்பாங்க.

படப்பிடிப்பாளர் இதுக்குத்தான் தம்பி. எத ஃப்ரேமுக்கு வெளிய விடுறது, ஆரு எங்க எப்பயெண்டு கீழ சரியா எழுதுறது, வீட்டாக்களுக்கு அறிவிச்சாச்சா எண்டு விசாரிக்காம படத்த வெளிய விடாம இருக்கிறது. ஃபோன் இருக்கிற எல்லாரும் இதச் செய்யலாம், உங்களுக்கு அத ஆரும் சொல்லித்தரல்ல, வாங்கிப் போட்ட பேஜ்காரருக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்த முகம் என்ன கேள்விக்குப் பதில் சொன்ன? ரோட்டில மணல் கொட்டிக்கிடந்ததா, லைட் எரியல்லயா, அதத்தான் எடுத்திருக்க வேணும், தூர நிண்டு.

இப்ப முதல்ல பேஜ்காரருக்கு எழுதி அந்தப் படத்த பேஜில இருந்து அகற்றச் சொல்லுங்க, மறுத்தா திரும்பத் திரும்ப எழுதுங்க. பிறகு முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு முதல் அந்த வீட்டுக்கு ஒருக்காப் போய்ட்டு வாங்க. தனியப் போகாதீங்க, அம்மாவயும் கூட்டிட்டுப் போங்க.