சிகாகோ கசாப்புக்கூடமும் மதுரைக் கண்ணாஸ்பத்திரியும்

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ‘உலகை மாற்றிய தொழில்முனைவோர்’ என்று ஒரு மணி நேரம் பேசச் சொன்னார் தலைமையாசிரியர். ஃபோர்டு, ராக்ஃபெல்லர், ஸ்டீவ் ஜாப்ஸ், நம் நாட்டுக்கு ஜாம்ஷெட்ஜி டாடா என்று பேசி முடித்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, “நம்ம மதுரைக்காரங்க ஒருத்தர்கூட இல்லையா சார்?” என்றான். டி.வி.எஸ். பெயரைச் சொல்லிச் சமாளித்தேன். “அவங்க மதுரையத்தானே சார் மாத்துனாங்க, உலகத்தையா மாத்துனாங்க?” என்றான். வகுப்பே சிரித்துவிட்டது. ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால் சக ஆசிரியர் ஒருவர், “முதலாளிகள எதுக்குத் தூக்கி வச்சு ஆடுறீங்க? உழைச்சவன் எவன், பேர் வாங்குனவன் எவன்?” என்று தன் பங்குக்குப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் இன்னொரு செக்‌ஷனுக்குப் பேச வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் என்ன பதில் சொல்வது?

ஓர் ஆசிரியர், உசிலம்பட்டி வட்டம்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தக் கடைசி பெஞ்ச் பையனுக்கு என் சார்பில் ஒரு பருத்திப்பால் வாங்கிக் கொடுங்கள். அவனுடைய இரண்டாவது கேள்வி உங்கள் பட்டியலைவிட நன்றாக இருக்கிறது.

பட்டியலில் பெயர்கள் எல்லாம் சரிதான். ஆனால் அப்படி அடுக்கும்போது ஒவ்வொருவரும் சுயம்புவாக முளைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார் என்று சொல்லிப் பாருங்கள். மதுரை தானாக உள்ளே வந்துவிடும்.

ஃபோர்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1913-ல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் அவர் ஓடும் வரிசையை அமைத்தார். ஆள் நின்ற இடத்தில் நிற்பான், கார் அவனைத் தேடி வரும். அவன் தன் ஒற்றை வேலையை முடித்து அடுத்தவனுக்கு அனுப்புவான். காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12½ மணி நேரம் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. 1908-ல் 850 டாலருக்கு வந்த மாடல் டி கார், 1920-களின் நடுவில் 260 டாலருக்கு இறங்கிவிட்டது. இந்த யோசனை வந்தது சிகாகோ கசாப்புக்கூடங்களிலிருந்து. மாட்டுடலைக் கொக்கியில் மாட்டி, தலைக்கு மேல் ஓடும் தண்டவாளத்தில் தள்ளிவிடுவார்கள். வரிசையாக நிற்பவர்களில் ஒருவர் தொடையை மட்டும் வெட்டுவார், அடுத்தவர் விலாவை மட்டும். கடைசி ஆளிடம் போகும்போது வெறும் கொக்கிதான் மிஞ்சும். ஃபோர்டின் ஆட்கள் அதையே தலைகீழாக ஓட்டினார்கள். வெறும் சட்டமாகக் கிளம்பியது முழுக் காராக இறங்கியது. ஃபோர்டு இதை மறைத்ததும் இல்லை.

1948-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு என்ற அண்ணன் தம்பி இருவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் ஓட்டலைக் கொஞ்ச நாள் மூடி, இதே வித்தையை அடுக்களைக்குள் கொண்டுவந்தார்கள். நீளமான மெனுவை வெட்டிச் சில பண்டங்களோடு நிறுத்தினார்கள். ஒருவர் கறியைப் புரட்டுவது, ஒருவர் பன்னில் சாஸ் தடவுவது, ஒருவர் பொட்டலம் கட்டுவது. விலை 15 சென்ட். 1955 முதல் ரே கிராக் என்பவர் அதை ஊர் ஊராகப் பரப்பினார். சுவையைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. இது கோனார் கடைக் கறிதோசை தின்று வளர்ந்த நாக்கு.

இனி மதுரை. எட்டயபுரம் பக்கம் அயன்வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ராணுவ மருத்துவராக இருந்தபோது முடக்குவாதம் பிடித்து விரல்கள் கோணிக்கொண்டன. பேனா பிடிக்கவே திரும்பப் பழக வேண்டியிருந்த மனிதர், கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்த விரல்களுக்குத் தோதாகக் கருவிகளைச் செய்துகொண்டு, வாழ்நாளில் 1 லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். நம் பெரியாஸ்பத்திரியில் கண் பிரிவை நடத்தி, 1976-ல் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். பென்ஷன் வாங்கிக்கொண்டு வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்திருக்கலாம். அவரோ வீட்டை அடமானம் வைத்து, கூடப் பிறந்தவர்களையும் அவர்களுடைய கணவன், மனைவிமாரையும் சேர்த்துக்கொண்டு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்தபோது அவருக்குத் தோன்றிய கேள்வி இது: எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே வேகம், ஒரே விலை என்று ஒரு பண்டத்தைக் கொடுக்க முடிகிறதே, கண்பார்வையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது? கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அவர் செய்து காட்டினார். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு இருபுறமும் இரண்டு மேசைகள். ஒன்றில் புரையை எடுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, எல்லாம் தயாராக இருக்கும். டாக்டர் முடித்தவுடன் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் தொடங்க வேண்டியதுதான். கண்ணை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, கட்டுப் போடுவது எல்லாவற்றுக்கும் கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து, 2 ஆண்டு பயிற்சி கொடுத்து நிறுத்தினார்கள். அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000 ஆபரேஷனுக்கு மேல் செய்வது சாதாரணம்.

இலவசம் என்று சொன்னால் கூட்டம் முண்டியடிக்கும் என்று நாம் நினைப்போம். ஆரம்பத்தில் அப்படி நடக்கவில்லை. கிராமத்து முகாமில் பரிசோதித்து, மதுரைக்கு வாருங்கள், ஆபரேஷன் இலவசம் என்று சொல்லி அனுப்பினாலும் பலர் வரவில்லை. விசாரித்தால், பஸ்ஸுக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, கூட வருகிறவரின் கூலி போகிறது, கண் தெரியாத கிழவி தனியாக எப்படிப் போவாள் என்று ஆயிரம் காரணங்கள். அதன்பிறகுதான் முகாம் நடந்த ஊரிலிருந்தே வண்டியில் கூட்டமாக ஏற்றிக்கொண்டு வந்து, படுக்கப் பாயும் சாப்பாடும் கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடும் வழக்கம் வந்தது. ‘இலவசம்’ என்ற பொருளுக்கும் ஒரு விலை இருக்கிறது என்று கண்டுபிடித்ததுதான் என் பார்வையில் அவருடைய பெரிய வியாபார மூளை. வணிகவியல் வகுப்பில் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இன்னொரு விஷயம் லென்ஸ். மேலூரில் என் பெரியம்மா ஒருவருக்குப் பழைய முறையில் புரை எடுத்தார்கள். உள்ளே லென்ஸ் வைக்கும் வழி அப்போது ஏழைக்கு எட்டாது. அதற்குப் பதில் சோடாபுட்டிக் கண்ணாடி. எல்லாம் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். செம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றினால் தண்ணீர் திண்ணையில் விழும். படியில் காலை வைக்கும்முன் கையால் தடவிப் பார்ப்பார். கண்ணாடி உடைந்துவிட்டால் மறுபடி குருடுதான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-லேயே வைத்துக் காட்டிவிட்டார். போர் விமானத்தில் விமானி அறையை மூடும் பிளாஸ்டிக் கூரையின் சில்லு கண்ணில் பாய்ந்த விமானிகளுக்கு அந்த பிளாஸ்டிக் ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனித்து, அதையே எடுத்து லென்ஸாக்கியவர் அவர். ஆனால் 1990-களின் தொடக்கத்தில்கூட வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலருக்கு மேல். அரவிந்த்காரர்கள் 1992-ல் ஆரோலேப் என்று மதுரையிலேயே ஒரு தொழிற்சாலை தொடங்கி, சுமார் 10 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு கிராமத்துக் கிழவரின் கண்ணுக்குள் மதுரையில் கடைந்த ஒரு சில்லு இருக்கிறது. உலகத்தையா மாற்றினார்கள் என்று கேட்ட பையனிடம் இதைச் சொல்லுங்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1993-லிருந்து இந்த ஆஸ்பத்திரியைப் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எடுபடும்.

டாக்டரை எப்படித் தொழில்முனைவோர் என்பது என்று உங்கள் தலைமையாசிரியர் கேட்பார். கணக்கைக் காட்டுங்கள். காசு கொடுக்கிறவர்களின் கட்டணத்தில்தான் கொடுக்க முடியாதவர்களின் ஆபரேஷனும் நடக்கிறது. உண்டியல் குலுக்கி நடத்தும் தர்ம ஆஸ்பத்திரி இல்லை அது.

டி.வி.எஸ். விஷயத்தில் நீங்கள் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம். திருக்குறுங்குடியிலிருந்து வந்த சுந்தரம் அய்யங்கார் பார்த்த உத்தியோகத்தை உதறிவிட்டு 1911-ல் மதுரையில் கம்பெனி தொடங்கினார். அவர் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பிவைத்துக்கொள்வோம் என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். மாட்டு லாட ஆணி குத்தி டயர் பஞ்சராகாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் விட்டு ஆணிகளைப் பொறுக்குவாராம். யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் பஸ் ஓடக் கருவி செய்தார். 1970-களின் தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமையாகி, அந்த வழித்தடங்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. நேரத்துக்கு பஸ் வரும் என்ற நம்பிக்கையை ஊருக்குப் பழக்கிவிட்டது அவருடைய சரக்கு. இப்போது அந்த நம்பிக்கை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மாட்டுத்தாவணியில் நிற்பவர்கள் சொல்லட்டும்.

அதே 1911-ல் இன்னும் இரண்டு நடந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியைத் துண்டுதுண்டாகப் பிரிக்கச் சொன்னது. இங்கே வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1906-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதன் தலைவர் யார் தெரியுமா? 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய அதே பாண்டித்துரைத் தேவர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. போட்டிக்கு இருந்த ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் ஓசியிலேயே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது. அடிமாட்டு விலைக்கு விற்றுப் போட்டியாளரை ஒழிக்கிறார் என்ற புகார் ராக்ஃபெல்லர்மேலும் இருந்தது. அங்கே அரசாங்கமே வழக்குப் போட்டது. இங்கே அரசாங்கம் போட்டிக்காரர் பக்கம் நின்று வ.உ.சி.யை 1908-ல் சிறைக்கு அனுப்பியது. இவரைத் தோற்ற வியாபாரி என்று பட்டியலிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். ஆட்டத்தின் நடுவரே எதிரணியில் ஆடினால் யார்தான் ஜெயிப்பார்?

உங்கள் சக ஆசிரியர் கேட்டதும் இங்கேதான் வருகிறது, அவரை ஒதுக்காதீர்கள். ஃபோர்டின் ஓடும் வரிசையில் நிற்க முடியாமல் ஆட்கள் ஓட்டம் பிடித்தார்கள். சுமார் 14,000 பேர் வேலைபார்த்த ஆலைக்கு 1913-ல் மட்டும் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஜனவரியில் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அவர் அறிவித்ததற்கு அதுதான் காரணம், தாராள மனசு அல்ல. நம் பக்கம் ஹார்வி மில். ஸ்காட்லாந்துக்கார அண்ணன் தம்பிகள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் மில் கட்டினார்கள். மில் சங்கு ஊதினால்தான் மதுரையில் பல வீடுகளில் உலை வைப்பார்கள். திருப்பரங்குன்றம் ரோட்டில் ஹார்விபட்டி என்று ஓர் ஊரே இருக்கிறது. ஆனால் அவர்களுடைய தூத்துக்குடிக் கோரல் மில்லில் ஞாயிறு லீவும் கூலி உயர்வும் தானாகக் கிடைத்துவிடவில்லை. 1908-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் கிடைத்தது. அப்படியானால் வ.உ.சி.யை முதலாளிப் பட்டியலில் வைப்பீர்களா, தொழிலாளர் தலைவர் பட்டியலிலா என்று உங்கள் நண்பரையே கேளுங்கள். ஒரு டீ இடைவேளைக்குப் போதும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. பெஞ்சில் பாதி பெண்பிள்ளைகள்தானே? அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையைச் சேருங்கள். பள்ளிக்கூடம் போகாத விவசாயக் கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கூட்டிப்போய், கூலியைப் பேசி வாங்கிக் கொடுக்கும் கொத்துத் தலைவி. கந்துவட்டிக்காரனிடம் போகாமல் இருக்க, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் களஞ்சியம் இயக்கத்தில் சேர்ந்து தலைவியானார். 2001-ல் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டார். போட்டோ எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. போட்டோவோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே களஞ்சியக் குழுக்கள் இருக்கும். மாதக் கூட்டத்தில் யாருக்குக் கடன், எத்தனை தவணை, யார் கட்டவில்லை, ஏன் கட்டவில்லை என்று வரிசையாகக் கேட்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓரமாக உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விக்கு வணிகவியல் ஆசிரியராக நீங்களும் தயாராகப் போக வேண்டியிருக்கும்.