ஜோகன்னஸ்பர்க்கில் ஆர்சி (ரிமோட்டில் இயக்கும்) ஹெலிகாப்டர் பழகுகிறேன். ஹோவர் (ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்துவது) வருகிறது, ஃப்ளிப் (குட்டிக்கரணம்) அடித்தால் உயரம் போய்விடுகிறது. என் கை சரியில்லையா?

கை மேல் பழி போடுவதை முதலில் நிறுத்துங்கள். உங்களிடம் இருப்பது அநேகமாக 450 அளவு என்று சொல்லும் சிறிய ரக மெஷின். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து அதிலுள்ள செட்டிங்கை அப்படியே போட்டிருப்பீர்கள். அந்த ஆள் கடலோரத்தில் பறக்கவிட்டிருப்பார். நீங்கள் நிற்பது கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே.

நான் கடலோர நகரமான டர்பனில் வேலை பார்த்தபோது பழகியவன். அங்கே இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஒரு அண்ணன்தான் குரு. கண்டிப்பான மனிதர். மூக்கு நம்மைப் பார்த்திருக்க ஹோவர் அசையாமல் நிற்கும்வரை ஐடில்-அப் சுவிட்சைத் (குச்சியை இறக்கினாலும் மோட்டார் வேகத்தைக் குறைய விடாதது) தொடவே விடமாட்டார். வால் நம் பக்கம் இருக்கும்வரை எல்லாரும் ராஜாதான். மூக்கு திரும்பினால் இடது வலதாகி மூளை நின்றுபோகும். அதற்குப் பிறகு எட்டு போடுவது, ஸ்டால் டர்ன் (செங்குத்தாக ஏறி, நின்று, மூக்கைத் திருப்பி இறங்குவது), லூப் (காற்றில் பெரிய வட்டம்). ஃப்ளிப் கடைசியில்தான்.

ஃப்ளிப்பில் எல்லாரும் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரையே யோசிப்பார்கள். அண்ணன் பிடித்துக்கொண்டது பிட்ச் குச்சியை, அதாவது விசிறி பிளேடுகளின் சாய்வை மாற்றுவதை; பிளஸ் என்றால் விசை மெஷினின் மேற்புறமாக, மைனஸ் என்றால் அதற்கு எதிராக. கொஞ்சம் மேலே ஏற்று, எலிவேட்டரைப் பின்னால் இழு. மெஷின் செங்குத்தாக நிற்கும் நொடியில் பிட்ச் பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். தலைகீழானதும் மைனஸ், மறுபடி செங்குத்தில் பூஜ்யம், நிமிர்ந்ததும் பிளஸ். செங்குத்தில் பிட்ச் மிச்சமிருந்தால் மெஷின் பக்கவாட்டில் ஓடிவிடும். "தம்பி, எலிவேட்டர் சுத்தும், பிட்ச்தான் காப்பாத்தும்" என்பார். இதெல்லாம் ஐடில்-அப்பில் மட்டும். நார்மல் மோடில் குச்சியைக் கீழே இறக்கினால் மோட்டார் வேகம் செத்துவிடும், மைனஸ் பிட்ச் இருந்தும் தூக்காது.

பிறகு வேலை மாற்றலாகி ஜோகன்னஸ்பர்க் வந்தேன். அதே மெஷின், அதே பேட்டரி, அதே கை. டர்பனில் உயரம் குறையாமல் திரும்பியது இங்கே தரையைத் தேடி இறங்கியது. களத்தில் இருந்தவர்கள் ஆளாளுக்கு என் விரலைத்தான் குறை சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட 15 முதல் 20 சதவீதம் குறைவு. தூக்குவிசை விசிறி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால், வேகத்தைப் பத்து சதவீதம் போலக் கூட்டினால் போதும். மோட்டாரிலுள்ள பினியன் என்ற சின்னப் பற்சக்கரத்தில் 11 பல் உள்ளதைக் கழற்றி 12 போட்டேன். அதிலேயே ஒன்பது சதவீதம் கிடைத்துவிடும். அடுத்த ஞாயிறு அதே ஆட்கள் முன்னால் ஃப்ளிப் அடித்தேன், மெஷின் ஏறின உயரத்திலேயே நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்றுவரை எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

"பிட்சைக் கூட்டினால் போதாதா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ஓரளவுக்குத்தான். 12 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் இழுவைதான் கூடும், விசிறி வேகம் விழும். வேகத்தைக் கூட்டுமுன் உங்கள் பிளேடு எத்தனை ஆர்பிஎம் தாங்கும் என்று பாருங்கள். ஒவ்வொரு தடவை இறக்கியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். பறக்கும் நேரம் குறையும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. சிமுலேட்டர் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அதில் தலைகீழ் ஹோவர் வராமல் களத்துக்கு வராதீர்கள். ஆனால் சிமுலேட்டரில் உயரத்தை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை.

மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு சுவிட்ச் யோசிக்காமல் விரலுக்கு வர வேண்டும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால், 2013இல் நியூயார்க்கின் புரூக்ளினில் 19 வயதுப் பையன் ஒருவன் தன் ஆர்சி ஹெலிகாப்டர் பட்டே இறந்தான்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அண்ணனைப் பற்றி இங்குள்ள நம்மூர்க்காரர் ஒருவரிடம் சொன்னேன். "தமிழே தெரியாதே, அவர் என்ன தமிழர்?" என்று சிரித்தார். அண்ணனுக்கு வணக்கம், தம்பி மாதிரி சில சொற்கள்தான் வரும், மிச்சமெல்லாம் ஆங்கிலம், வாஸ்தவம். 1860இல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசு; பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தர ஆளில்லாத காலத்தில் வளர்ந்தவர். இருந்தும் புனித வெள்ளியன்று டர்பன் பக்கத்து இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்விடுவார். சிரித்தவர் பிள்ளைகளும் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். இதற்கு மேல் எழுதினால் சண்டையாகும்.

கோடையில் மதியம் மூன்று மணிக்கு மேல் களத்துக்குப் போகாதீர்கள், இந்த ஊர் இடிமின்னல் சொல்லிக்கொண்டு வராது. மோட்டாரின் கேவி எண் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது), பிளேடு நீளம், இப்போது எத்தனை பல் பினியன் என்று எழுதுங்கள், எது போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.