செயலியில் படிக்கும் ஜெர்மன் வேலைக்கு உதவுமா?

உங்கள் மகள் பல மாதங்களாக ஒருநாள் விடாமல் டுவோலிங்கோவில் ஜெர்மன் படிக்கிறார், இனி வகுப்பு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். செயலியை நிறுத்தச் சொல்லாதீர்கள். தினமும் உட்காரும் பழக்கம் வருவதே பெரிய விஷயம், அது அவருக்கு வந்துவிட்டது. ஆனால் வேலைக்கோ மேற்படிப்புக்கோ என்றால் செயலி மட்டும் போதாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் கொண்ட ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் மூன்றாவதான பி1 நிலையை எட்ட, 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை தேவை என்கிறது ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கதே நிறுவனம். குறைந்தபட்சமே 260 மணி நேரத்தைத் தாண்டுகிறது. தினமும் கால் மணி நேரம் படித்தால் ஆண்டுக்குச் சுமார் 91 மணி நேரம்தான் சேரும். அதாவது ஏறக்குறைய மூன்று ஆண்டு.

நேரத்தைவிட எனக்குக் கவலை தருவது பேச்சு. கதே பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிலும் தனித்தனியே 100க்கு 60 எடுக்க வேண்டும். பேச்சுத் தேர்வில் இன்னொரு தேர்வரோடு பேசி ஒன்றைத் திட்டமிட வேண்டும், ஒரு தலைப்பில் சிறிது நேரம் பேசவும் வேண்டும். 'வைல்' (ஏனென்றால்) என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். செயலியில் அந்தச் சொல் பெரும்பாலும் திரையிலேயே இருக்கும், எடுத்து வைத்தால் போதும். தேர்வறையில் அதை அவரேதான் நினைவிலிருந்து கொண்டுவர வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளைகளும் திணறுவது இந்த இடத்தில்தான்.

அதனால் செயலியைச் சொற்களுக்கு வைத்துக்கொள்ளட்டும். மறக்கப்போகும் நேரத்தில் மீண்டும் கேட்கும் அங்கி போன்ற செயலி இதற்கு இன்னும் நல்லது. பெயர்ச்சொல்லை, அதன் பாலைக் காட்ட முன்னால் வரும் டெர், டீ, டாஸ் சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், பின்னால் திருத்துவது மிகவும் கடினம். அதோடு, அன்று நடந்ததை ஐந்து வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்லி கைபேசியில் பதிவு செய்து கேட்கட்டும். வாரம் இருமுறையாவது தவறைத் திருத்தும் ஒருவரோடு பேச வேண்டும். வகுப்புக்குச் செலவழிக்கும் பணம் முதலில் இதற்குப் போகட்டும்.

செயலியில் சேரும் புள்ளிகளையும் தொடர்நாள் கணக்கையும் ஜெர்மன் தகுதிச் சான்றாகக் காட்ட முடியாது. டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன என்பது உண்மை. அது கட்டணம் கட்டி எழுதும் தனித் தேர்வு, ஆங்கிலத்துக்கு மட்டுமானது. பெற்றோர் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கதே இணையதளத்தில் மாதிரி வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வாரமே ஏ1 தாளை நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். எந்தப் பகுதியில் 60 சதவீதத்துக்குக் கீழே வருகிறது என்று பார்த்துச் சொன்னால், எந்த நிலை வகுப்பில் சேர்க்கலாம் என்று முடிவு செய்வோம்.