ஜிஐஎஸ், சர்வே, ரிமோட் சென்சிங்: எந்தப் படிப்பில் சேர்வது?

பி.எஸ்சி. புவியியல் கடைசி வருடம் படிக்கிறேன், மேற்கொண்டு ஜிஐஎஸ் (புவித்தகவல் அமைப்பு), ரிமோட் சென்சிங் (தொலையுணர்வு), சர்வே (நில அளவை) இதில் எதைப் படிக்கலாம், எங்கே படிக்கலாம், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பி.எஸ்சி. புவியியல்தான். அதன்பிறகு எம்.எஸ்சி. முடித்து, பன்னிரண்டு வருடமாகக் கண்மாய், வாய்க்கால், ஆற்றுப்படுகை என்று நீர் சம்பந்தப்பட்ட வரைபட வேலைதான் செய்கிறேன். எங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளை நேர்முகத்தில் கேள்வி கேட்பதும் பல நேரம் நான்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: படிப்பின் பெயரில் ஜியோ இருக்கிறதா, இன்ஃபர்மேடிக்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்களைக் களத்துக்கு எத்தனை நாள் அனுப்புவார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எம்.எஸ்சி. முதல் வருடத்தில் சிவகங்கை பக்கத்துக் கண்மாய்களை வைத்து ஒரு ப்ராஜெக்ட் செய்தேன். செயற்கைக்கோள் படத்தைப் பொய்நிறத்தில் போட்டால் செடிகொடி எல்லாம் சிவப்பாகத் தெரியும், தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஒரு கண்மாய்க்குள் கிட்டத்தட்ட பாதி பளிச்சென்று சிவப்பு. கண்மாய்க்குள் யாரோ சாகுபடி செய்கிறார்கள் என்று முடிவுகட்டி, பரப்பளவையும் கணக்குப் போட்டு, வண்ண வரைபடத்தோடு அறிக்கையும் எழுதிவிட்டேன். ஆசிரியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார், "போய்ப் பார்த்தாயா?" போகவில்லை. மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போய்க் கரையில் ஏறிப் பார்த்தால், ஒரு ஓரம் முழுக்கச் சீமைக்கருவேலம், நடுவில் தண்ணீர் தெரியாத அளவுக்கு ஆகாயத்தாமரை. நெல் ஒரு நாற்றுகூடக் கிடையாது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "தண்ணி கெடக்குப்பா, மேல இந்தச் சனியன்தான் மூடிக்கெடக்கு" என்றார். நான் எழுதியது ஒரு மாணவர் அறிக்கை, யாருக்கும் சேதமில்லை. அதே வரைபடம் ஆக்கிரமிப்புப் பட்டியலாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தால், அந்த ஊரில் எத்தனை பேர் செய்யாத தப்புக்கு நோட்டீஸ் வாங்கியிருப்பார்கள்? இன்றைக்கும் இது பயிர், இது தண்ணீர் என்று வகைப்படுத்திய செயற்கைக்கோள் படத்தை யார் கொண்டுவந்து காட்டினாலும் என் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி என் ஆசிரியர் கேட்டதுதான்.

சரி, மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்றால், சர்வே தரையில் நின்று அளப்பது, ரிமோட் சென்சிங் மேலிருந்து பார்ப்பது, ஜிஐஎஸ் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக் கேள்வி கேட்பது. ஒன்றை விட்டு ஒன்று நிற்காது. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் (பிக்சல்) 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். லேண்ட்சாட் என்ற இன்னொரு செயற்கைக்கோளின் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர், அது 22 சென்ட். ஐந்து நாளுக்கொரு முறை கண்மாயில் தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் பார்க்க சென்டினல் அருமையானது, ஆனால் பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு என்றால் அதை வைத்து ஒரு கல்லைக்கூட நட முடியாது. அதற்குப் புலப்படமும் (நில எல்லைகளை அளந்து வரைந்த படம்), டோட்டல் ஸ்டேஷனோ (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) டிஜிபிஎஸ்ஸோ (துல்லியமான ஜிபிஎஸ்) எடுத்துக்கொண்டு போகும் சர்வேயரும்தான் வேண்டும். எந்த வேலைக்கு எந்தத் துல்லியம் போதும் என்று சொல்லத் தெரிந்தவர்தான் எங்களுக்கு வேண்டும், நேர்முகத்தில் பத்துப் பேரில் ஒருவர் இருவர்தான் இதற்குப் பதில் சொல்கிறார்கள்.

இன்னொன்று, ஆயத்தொலைவு அமைப்பு, அதாவது ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறை. பூமியை நெடுக்குப் பட்டைகளாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் மண்டலம் 43, 44 என்று பாடத்தில் வரும், தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவோம். இரண்டையும் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில் போகிறது, திண்டுக்கல் நகரம் 43, மதுரை 44. இரண்டு மாவட்டத்தையும் சேர்த்து ஒரு வேலை வந்தபோது, 43இல் எடுத்த திண்டுக்கல் புள்ளிகளை 44 என்று போட்டுத் திறந்தேன், அத்தனையும் வங்காள விரிகுடாவில் போய் உட்கார்ந்தன. இந்த மாதிரிப் பெரிய பிழை பார்த்ததும் தெரிந்துவிடும், பயப்பட வேண்டியதில்லை. ஆபத்து சின்னப் பிழையில்தான். பழைய நிலவரைபடத் தாள்கள் எவரெஸ்ட் என்ற நீள்கோள அடிப்படையில் (பூமியின் வடிவத்துக்குப் போட்ட பழைய கணக்கு) வரைந்தவை, ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு. மாற்றாமல் அப்படியே ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி உட்காரும், பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும். அந்தக் 'கிட்டத்தட்ட' சரிதான் ஆளைக் கவிழ்ப்பது. மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பதை யூடியூபில் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம், க்யூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருள் காசு கொடுக்காமலே கிடைக்கிறது. பிழை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதைத்தான் கல்லூரியில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இடங்களைப் பொறுத்தவரை, கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் ஒரு சர்வே பள்ளியாகத்தான் தொடங்கியது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பரங்கிமலைப் பக்கத்தில்தான் 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார், இந்தியா முழுவதற்கும் போட்ட முக்கோண அளவீட்டின் முதல் கோடு அது. அந்தக் கல்லூரியில் இப்போது ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் பி.இ. இருக்கிறது, ஆனால் அது பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. வீட்டில் தம்பி தங்கை யாராவது இருந்தால் சொல்லுங்கள். உங்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் புவியியல் துறை, திருச்சி காஜாமலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் துறைகள், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று தேடத் தொடங்கலாம். எந்த வருடம் எந்தப் படிப்பு, என்ன தகுதி என்பது மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். வெளியூர் போக முடிந்தால் டேராடூனில் இஸ்ரோவின் ரிமோட் சென்சிங் பயிற்சி நிறுவனமான ஐஐஆர்எஸ். 1966இல் வான்படங்களைப் படித்தறியும் பயிற்சிக்காக நெதர்லாந்தின் உதவியோடு தொடங்கிய நிறுவனம் அது. அவர்கள் இணையவழியில் இலவசமாக நடத்தும் படிப்புகளில் கடைசி வருடத்திலேயே சேர்ந்துவிடுங்கள், உங்களுக்கு இது பிடிக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பொறியியல் படித்த நண்பர்கள் யாராவது கேட்டால், எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2022 முதல் ஜியோமேடிக்ஸ் (இந்தத் துறைக்கான பொறியியல் பெயர்) என்றே தனித்தாள் வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் படத்தைப் பார்த்து வீடு, சாலை, மரம் என்று கோடு இழுக்கும் வேலைதான், சம்பளமும் குறைவு, நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்து கண் எரியும். நல்ல பிள்ளைகள் பலர் அங்கேயே சோர்ந்து வேறு துறைக்குப் போய்விட்டதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். அதிலிருந்து மேலே வந்தவர்கள் எல்லோருமே பைத்தான் கற்றுக்கொண்டவர்கள், அல்லது தரவுத்தளம் கற்றுக்கொண்டவர்கள், அல்லது நீரியல், மண்ணியல், நகரத் திட்டமிடல் என்று ஏதாவது ஒன்றை ஆழமாகப் படித்தவர்கள். அப்புறம் ஒன்று, அரசு சர்வேயர் வேலைதான் குறி என்றால் எம்.எஸ்சி.யில் சேருமுன் டிஎன்பிஎஸ்சியின் பழைய அறிவிக்கைகளை எடுத்துத் தகுதி என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். சிவில் டிப்ளமோவும் ஐடிஐ சர்வேயர் பயிற்சியும்தான் அங்கே பேசும்.

பணம் கட்டுமுன் அந்தத் துறையில் இப்போது இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். டோட்டல் ஸ்டேஷன் எத்தனை, வேலை செய்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா, ஒரு டிராவர்ஸை (புள்ளி புள்ளியாக அளந்துகொண்டே போகும் தொடர் அளவீடு) நீயே முழுக்க ஓட்டி முடித்திருக்கிறாயா என்று கேளுங்கள். எங்கள் டிராவர்ஸ் முதல் தடவை தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்தபோது கணக்கில் 34 சென்டிமீட்டர் வித்தியாசம் இடித்தது. டிரைபாடின் ஒரு கால் ஆற்று மணலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்ததை யாருமே கவனிக்கவில்லை. மறுபடி காலை ஆறு மணிக்குப் போய் முழுவதையும் அளந்தோம். அந்த இரண்டு நாளில் கற்றதை எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை.

உங்கள் ஊர்க் கண்மாயோ ஏரியோ, அதன் சென்டினல் படத்தில் போன ஐப்பசியில் எடுத்தது ஒன்று, சித்திரையில் எடுத்தது ஒன்று இறக்கிப் பாருங்கள், பிறகு நேரில் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். படத்தில் கண்டதும் கரையில் கண்டதும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று கருத்துப் பகுதியில் எழுதினால், கட்டாயம் பார்த்துப் பதில் சொல்கிறேன்.