பைனாகுலர்ல கேட்ட வம்பு

சார், வணக்கம். நீங்க பாக்கச் சொன்னீங்களேன்னு 1925-ல வந்த 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' ஊமைப்படத்தை யூட்யூப்ல போட்டேன். நான் எடுத்த பிரிண்ட்ல மியூசிக்கும் இல்ல, வீட்டுல எல்லாரும் "சீலிங் ஃபேன் சத்தம்தான் கேக்குது"ன்னு ஒரே கிண்டல். ஆஸ்கார் வைல்டோட நாடகத்தை காலேஜ்ல படிச்சிருக்கேன், வரிக்கு வரி பஞ்ச். அதைப் போய் ஏன் சார் ஊமைப்படமா எடுக்கணும்? கிரேஸி மோகன் டிராமாவை ம்யூட்ல பாத்த மாதிரி இருந்துது.
ஆர்., செம்பூர்

அன்புள்ள ஆர்.,

ம்யூட் உதாரணம் நல்லாதான் இருக்கு, ஆனா இந்தப் படத்துக்குப் பொருந்தாது. ம்யூட்ல போட்ட நாடகம்னா எப்படி இருக்கும்னு பாக்க நம்ம ஊர்லயே கேஸ் இருக்கு. 1912 மே 18-ம் தேதி பம்பாய் கிர்காவ்ல இருந்த கொரோனேஷன் தியேட்டர்ல 'புண்டலிக்'னு ஒரு படம் ஓடிச்சு, தோர்ணேங்கறவர் எடுத்தது. அப்போ ஓடிட்டிருந்த ஒரு மராத்தி நாடகத்துக்கு முன்னாடி கேமராவை நட்டு வெச்சு அப்படியே பிடிச்சது. அதனாலதான் அதை முதல் இந்தியப் படம்னு சொல்லலாமா, இல்ல அடுத்த வருஷம் வந்த ஃபால்கேயோட 'ராஜா ஹரிச்சந்திரா'தான் முதல்ன்னு இன்னும் அடிச்சுக்கறாங்க.

நீங்க பாத்த படத்தை எடுத்த டைரக்டர் லூபிட்ச் இந்த வேலையைச் செய்யல. வைல்டோட பஞ்ச் ஒண்ணைக்கூட டைட்டில் கார்டுல (ஊமைப்படத்துல வசனத்தை எழுதிக் காட்டற அட்டை) போடல, அந்த தைரியத்துக்கே கும்பிடு போடலாம். நாடகம் 1892-ல வந்தது, முழுக்க வீட்டுக்குள்ளயே, இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். மிஸஸ் எர்லின்னு பேர் கெட்டுப்போன ஒரு அம்மணியைப் பத்தி ஊரே வம்பு பேசும், நாம காதால கேப்போம். வம்புதானே அந்த நாடகமே! சத்தமில்லாத படத்துல வம்பை எப்படிக் காட்டறது? நாடகத்துல இல்லவே இல்லாத ஒரு குதிரை ரேஸைக் கொண்டுவந்து வெச்சார். ஸ்டாண்டுல அந்தம்மா வந்து உக்காருது, அவ்ளோதான், குதிரையைப் பாக்க வெச்சிருந்த பைனாகுலர் எல்லாம் ஒண்ணொண்ணா இவங்க பக்கம் திரும்புது, ஒரு பெரிய மனுஷி உத்துப் பாத்து, முடி நரைச்சிருக்குன்னு கண்டுபிடிச்சு அதுல அப்படி ஒரு சந்தோஷம்! மாட்டுங்கால எங்க பில்டிங் மாமிகள் பால்கனில நின்னு பாக்கறதை அப்படியே பாத்தேன்.

இன்னொண்ணு, கதவு மணி. எர்லின்னைச் சுத்திச் சுத்தி வர்ற லார்ட் அகஸ்டஸ் அந்தம்மா வீட்டு மணியை முதல்ல தயங்கித் தயங்கி அடிப்பார், அப்புறம் பழகின ஆள் மாதிரி அடிப்பார். நடுவுல என்ன நடந்துதுன்னு ஒரு வசனம் வேணுமா சொல்லுங்க.

போன மாசம் தாதர் தாண்டினதும் எங்க லோக்கல் நின்னுடுச்சு, பக்கத்து டிராக்லயும் ஒண்ணு வந்து நின்னுது. எதிர் ஜன்னல்ல ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டை, ஒரு வார்த்தை கேக்கல. அவர் ஏதோ சொல்லிட்டே இருக்கார், அந்தப் பொண்ணு போனை பைக்குள்ள போட்டு ஜிப்பை மெதுவா, ரொம்ப மெதுவா, கடைசி வரைக்கும் இழுத்து மூடிச்சு, அவர் பேச்சு அங்கயே நின்னுபோச்சு. எங்க கம்பார்ட்மெண்ட்ல மூணு பேர் அதைப் பாத்துட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். லூபிட்ச் படம் எடுத்தது இந்த ஜிப்பை நம்பித்தான்.

உங்க குறையும் ஒரு இடத்துல நியாயம்தான். மூணாவது அங்கத்துல, லேடி விண்டர்மியரை விரும்பற டார்லிங்டனோட ரூம்ல ஆம்பளைங்க எல்லாம் உக்காந்து அரட்டை அடிப்பாங்களே, நாடகத்துலயே எனக்குப் பிடிச்சது அதுதான், படத்துல அந்த இடம் சப்புன்னு ஆயிடுச்சு. லேடி விண்டர்மியரோட விசிறி அங்க கிடக்கறது கண்ல படற நிமிஷம் மட்டும் காப்பாத்துது. அதே மாதிரி எர்லின்தான் லேடி விண்டர்மியரோட அம்மாங்கறதை நாடகம் நமக்கு மெதுவா அவுக்கும், படம் ஆரம்பத்துலயே போட்டு உடைச்சிடும். எனக்கு அது சரியாதான் பட்டுது, ஏன்னா அப்புறம் அவங்க பொண்ணைப் பாக்கற ஒவ்வொரு பார்வையும் நமக்குப் புரியுது, அந்தப் பொண்ணுக்குக் கடைசி வரைக்கும் புரியல.

மியூசிக் இல்லாம பாத்தது உங்க தப்பு இல்ல, பிரிண்டோட தப்பு. அந்தக் காலத்து தியேட்டர்ல பியானோவாவது வாசிச்சிட்டே இருப்பாங்க, இவ்ளோ நிசப்தமா யாரும் பாத்ததில்ல. பியானோ சேத்த பிரிண்ட் ஒண்ணு தேடி எடுத்து, ரேஸ் சீன்லேந்து போடுங்க, கிண்டல் பண்ணவங்களையும் கூப்பிட்டு உக்கார வைங்க.