பஸ்ஸையே வீடாக்கிக் குடியிருக்கப் போகிறோம், மனைவிக்குத் தூசி ஒவ்வாமை: நிலத்துக்கு என்ன போடலாம்?

றோசா எனப்படும் சின்ன பஸ் ஒன்றைப் பழையதாக வாங்கி, யாழ்ப்பாணத்திலேயே ஒரு கராச்சில் விட்டு வீடாக மாற்றுகிறீர்கள். மனைவிக்குத் தூசி பட்டால் முட்டு, அதாவது மூச்சிழுப்பு வரும். அமெரிக்காவில் ஆர்வி எனப்படும் வீட்டு வாகனங்களின் வீடியோக்களில் வருவதுபோல் பலகை பலகையாக வைனில் போடலாமா, ரைல்ஸ் நல்லதா, காபெற் கூடவே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில்: ஒரே துண்டாக வரும் தடித்த வைனில் சீற். ஓரம் சுவரில் நாலு விரல் உயரத்துக்கு மடிந்து ஏற வேண்டும். ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கு இப்படித்தான் போடுவார்கள். நிலமும் சுவரும் சேரும் மூலையில் அழுக்குத் தங்காது. எனக்கும் சின்ன வயதிலிருந்து முட்டு உண்டு. தொழிலோ வான், பஸ்களுக்கு உள்வேலை செய்வது. அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

நிலத்தைத் தெரிவுசெய்யும்போது நான் முதலில் பார்ப்பது மூட்டுகளைத்தான். வலிகாமத்துச் செம்மண் மாவுபோல் நைசானது. வைகாசியில் சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால் கதவைப் பூட்டி வைத்தாலும் உள்ளே வரும். பலகை வைனில் போட்டிருந்த வான் ஒன்றை ஒருமுறை கழற்றினேன். மேலே பார்க்கப் பளிச்சென்று துடைத்த நிலம். பலகையைத் தூக்கினால் ஒவ்வொரு கொளுவியின் பள்ளத்திலும் சிவப்புக் கோடு, அதற்குள் தலைமயிர், பிஸ்கற் தூள், ஓரிடத்தில் கறுத்த பூஞ்சணம். துடைக்கிற தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிக் கீழேயே நின்றிருக்கிறது. வாகனம் ஓடும்போது சட்டகம் முறுகும், வெயிலில் நிறுத்தினால் பலகை விரியும், இரவில் சுருங்கும். மூட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நாளடைவில் வாய் திறக்கும்.

எஸ்பிசி எனப்படும் கல்தூள் கலந்த பலகை இந்தச் சூட்டுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் அது கீழே ஒட்டாமல் மிதக்கவிட்டுப் போடுகிற சாமான். அதன்மேல் அலுமாரியையும் கட்டிலையும் வைத்துத் திருகாணி இறுக்கினால் விரிய இடமில்லாமல் மேலே எழும்பும். பஸ்ஸுக்குள் திருகாணி இறுக்காமல் எதை வைப்பது?

ரைல்ஸ் ஒவ்வாமைக்கு நல்லதுதான், வீட்டில். பஸ்ஸில் ஒரு சதுர மீற்றருக்கு 15 கிலோவுக்கு மேல் ஏறும், பசையும் சேர்த்தால் இன்னும் கூடும். எங்கள் ஒழுங்கைகளின் குலுக்கலில் முதலில் வெடிப்பது இடைக்கலவை. காபெற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

லினோலியம் பற்றியும் சிலர் சொல்வார்கள். ஆளி விதை எண்ணெய், மரத்தூள், தக்கைத்தூள் சேர்த்துச் செய்வது. நல்ல பொருள், ஆனால் புதிதில் எண்ணெய் மணம் இருக்கும், அடியில் சணல் துணி இருப்பதால் ஈரம் ஆகாது. இங்கே மாரியில் ஈரத்துக்குத் தப்புவது கடினம்.

வைனிலிலும் குறை உண்டு. அதை வளையச் செய்யச் சேர்க்கும் தாலேற்று வகை இரசாயனங்கள் மெல்ல மெல்லத் தூசியில் கலக்கும். சுவீடனில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டுத் தூசியிலுள்ள தாலேற்றுகளைக் குழந்தைகளின் ஆஸ்துமாவோடு தொடர்புபடுத்தியது. ஆகவே மலிவான சுருள் விரிப்பை விட்டுவிட்டு, தாலேற்று இல்லை என்று எழுதியே விற்கும் சீற்றைத் தேடுங்கள். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. றோசாவின் நிலம் பத்துப் பன்னிரண்டு சதுர மீற்றர்தான், செலவு கையைக் கடிக்காது.

சரி, மேலே போடுவதைவிட முக்கியம் அடியில் இருப்பது. கராச்சில் விட்டால் கையில் கிடைக்கும் பிளைவூட்டையோ எம்டிஎஃப் எனப்படும் மரநார்ப் பலகையையோ போட்டு, தகரப் பேணியில் வரும் நாற்றப் பசையால் ஒட்டிவிடுவார்கள். மலிவுப் பலகைகளின் பசையில் யூரியா போமல்டிகைட் இருக்கும். சூடும் ஈரமும் கூடக்கூட அதிலிருந்து போமல்டிகைட் வாயு காற்றில் கலப்பதும் கூடும். அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்கு அரசு இழுவை வீடுகள் கொடுத்தது. குடியிருந்தவர்களுக்கு இருமலும் கண்ணெரிச்சலும் வந்து பெரிய பிரச்சினையானது. பிறகு 519 வீடுகளின் காற்றைச் சோதித்ததில் போமல்டிகைட் சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு இருந்தது. சாதாரண வீடுகளில் காண்பதைவிடப் பல மடங்கு. அந்தச் சோதனையை நடத்தியதும் குளிர்காலத்தில். நம்முடைய பங்குனி, சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கும் பஸ்ஸை யோசித்துப் பாருங்கள்.

அதனால் மரைன் பிளைவூட் கேளுங்கள். அதில் இருப்பது பினோல் போமல்டிகைட் பசை, வெளிவிடுவது மிகக் குறைவு, தண்ணீருக்கும் விட்டுக்கொடுக்காது. போடுமுன் அடிப்பக்கத்துக்கும் வெட்டிய ஓரங்களுக்கும் இரண்டு பூச்சு எப்பொக்சி அடிக்கச் சொல்லுங்கள். ஏசி போட்டு உள்ளே குளிர்ந்தால் வெளியிலிருக்கும் ஈரக்காற்று அடிப்பக்கத்தில்தான் வியர்க்கும். கடற்காற்று வேறு. வைனிலை ஒட்டத் தண்ணீர் கலந்து வரும் அக்ரிலிக் பசை போதும். தச்சர் ‘அது பிடிக்காது’ என்பார். பிடிக்கும், காயக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

பலகை போடுமுன் இன்னொரு வேலை. பழைய பலகையைக் கழற்றிய பிறகு, வெயில் நேரத்தில் பஸ்ஸுக்குள் கதவு யன்னல்களை மறைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். கீழிருந்து வெளிச்சம் வரும் ஓட்டைகள் எல்லாம் தெரியும்: இருக்கைகள் பூட்டிய ஆணித்துளைகள், வயர் போகும் துளைகள், கறள் தின்ற இடங்கள், சக்கர மேட்டின் ஓரம். ஓடும்போது பின் யன்னல் திறந்திருந்தால் பஸ்ஸுக்குள் காற்றழுத்தம் குறைந்து, ரோட்டுத் தூசியும் புகையும் இந்த ஓட்டைகளால் உறிஞ்சப்படும். முன்னால் எஞ்சின் மூடியின் றபர் பட்டி காய்ந்திருந்தால் அதுவும் ஒரு வாசல். பெரிய ஓட்டைகளுக்குத் தகரம் ஒட்டவைத்து, சின்னதுகளைச் சிக்காபிளெக்ஸ் போன்ற பொலியூரெதேன் பசையால் அடைத்து, றபர் பட்டியையும் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் கராச்காரர் சிரித்தாலும் பரவாயில்லை, மறுபடி குனிந்து வெளிச்சம் பாருங்கள். என் அனுபவத்தில் முட்டுக்காரருக்கு இந்த ஒரு நாள் வேலை தருகிற சுகத்தை எந்த விலை கூடிய நிலமும் தராது.

நிலத்தைப் போட்டுவிட்டுத்தான் அலுமாரி, கட்டில், குசினி மேடை எல்லாம் ஏற வேண்டும். மாறிச் செய்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மூட்டில்லாத நிலம் துண்டு துண்டாகிவிடும்.

மனைவிக்கு ஒவ்வாதது ரோட்டுத் தூசியா, தூசு உண்ணியா, பூஞ்சணமா என்று வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உண்ணி என்றால் அது வெறும் நிலத்தில் அதிகம் குடியிருக்காது, மெத்தையிலும் தலையணையிலும்தான். உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு, காற்றின் ஈரம்தான் தண்ணீர். மெத்தைக்கு நெருக்கமாக நெய்த, சிப் வைத்த உறை போட்டு, விரிப்புகளை 60 பாகை சுடுதண்ணீரில் கிழமைக்கு ஒருமுறை தோயுங்கள். இருக்க விரிப்பு வேண்டுமென்றால் பனையோலைப் பாய் இருக்கிறது. உதறலாம், கழுவலாம், வெயிலில் காயவிடலாம். தும்புத்தடி வேண்டாம், அது படிந்த தூசியை மூக்குக்கு எழுப்பிவிடும். ஈரத்துணி போதும். தண்ணீரில் பினாயில் ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள், பலருக்கு அந்த மணமே இழுப்பைக் கிளப்பும்.

சீற், பலகை, பசை எதையும் மொத்தமாக வாங்குமுன் சின்னத் துண்டு கேளுங்கள். பசையென்றால் ஒரு தகரத் துண்டில் பூசிக் காயவிடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக மூடி, பகல் முழுக்க வெயிலில் வையுங்கள். பின்னேரம் திறந்து நீங்கள் மணந்து பாருங்கள், மனைவியைக் கூப்பிட வேண்டாம். குப்பென்று அடித்தால் விலை எவ்வளவு குறைவென்றாலும் அதை வாங்காதீர்கள்.